சாம்பல் மூக்கு

பாய்மரத் தெருவில் கொண்டைக்கிளிகளின் மூக்கு சிவக்கத் தொடங்கிய அந்த ஆடி மாதம், காற்று பதினெட்டு நாள் விடாமல் அடித்து, கடலில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை, நாற்பத்தொரு வீட்டு ஆண்பிள்ளைகளும் வேலைவெட்டி இல்லாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள், ஆகவே தெரு முழுக்க ஒரே அடுக்களைச் சண்டையாக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த தப்புக்கெல்லாம் அந்தப் பதினெட்டு நாள்தான் வித்து.

கிளிகள் அந்தத் தெருவுக்கு வந்த கதை சின்னது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு தேசத்துக் கப்பல், பாய்மரத் தெரு இருக்கிற ஆழித்துறைக்கு வெளியே பாறையில் தட்டி உடைய, அதிலிருந்து மரக்கூண்டுகள் மிதந்து வர, வலை போடப் போனவர்கள் மீனை விட்டுவிட்டு அவற்றை ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். உள்ளே நனைந்து நடுங்கியபடி, வெள்ளைவெளேரென்று, கோபம் வந்தால் விசிறிபோல விரிகிற கொண்டையோடு நாற்பத்தொரு பறவைகள். தெருவில் வீடும் சரியாக நாற்பத்தொன்று. பேப்பரில் காக்கட்டூ என்று போட்டான், தெரு கொண்டைக்கிளி என்று சொன்னது. அதன் இறகிலிருந்து மைதா மாவுபோல ஒரு வெள்ளைத் தூள் சதா உதிர்ந்து மாதா படத்திலும் குழம்புச் சட்டியிலும் படிந்துகொண்டே இருக்கும். அந்தத் தூள் படிவதால்தான் கறுத்த மூக்கு சாம்பல் நிறமாகத் தெரிகிறது, சாம்பலாக இருக்கிறவரை பறவை சுகமாக இருக்கிறது, நிறம் மாறினால் சீக்கு என்று மாட்டு டாக்டர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பாய்மரத் தெருப் பெண்கள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கிளியின் மூக்கைப் பார்ப்பது வழக்கமாயிற்று.

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை எஸ்கலின் தன் கிளி தொரையின் மூக்கைப் பார்த்தாள். அது செம்பு நிறத்தில் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள், போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தாள், போகவில்லை. கூண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் அவளைப்போலவே இன்னும் பதினாறு பெண்கள் கூண்டும் கையுமாக நின்றார்கள். யாரும் அலறவில்லை. அடுப்பில் பால் இருந்தது, பிள்ளைகளுக்குத் தலை வாரவேண்டியிருந்தது, மூக்கு சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பத்து மணிக்குள் ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள், எல்லாவற்றிலும் அதிகமாகச் சிவந்திருப்பது குரூஸ் வீட்டுக் கிளி என்று. அந்தக் குரூஸ் பெண்டாட்டியைச் செருப்பால் அடிக்கிறவன் என்பது தெருநாய்க்கும் தெரியும். பதினெட்டு நாளாக ஆம்பிளைகள் வீட்டில் கிடக்கிறார்கள், மூக்கும் சிவந்திருக்கிறது, இதற்கு மேல் என்ன யோசிக்க இருக்கிறது? எந்த வீட்டில் அடி விழுகிறதோ அந்த வீட்டு மூக்கு சிவக்கிறது என்று தெரு ஒரே வாயாகச் சொல்லிவிட்டது. பெண்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை காலம் முக்காட்டுக்குள் மறைத்த வீக்கத்துக்கெல்லாம் வாசலில் ஒரு சாட்சி தொங்குகிறதே!

எஸ்கலினுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அவள் புருஷன் பொனிப்பாஸ் ஒரு எறும்பை நசுக்கவும் யோசிக்கிற மனுஷன். இருவரும் வீட்டுக் கொல்லையிலேயே அடுப்பு வைத்து மக்ரூன் போடுகிறவர்கள். முட்டை வெள்ளையை அடித்து நுரையாக்குவது அவள் வேலை, முந்திரிப் பொடி கலந்து கூம்பு கூம்பாகப் பிழிந்து சுட்டு எடுப்பது அவன் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவன் அவளை ஒரு விரலால்கூடத் தொட்டு அடித்ததில்லை. அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் மறைக்காதே என்று ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலில் கொஞ்சம் திருப்தியும் இருந்ததை எஸ்கலின் கவனிக்காமல் இல்லை.

தெரு அதைப் பழகிக்கொண்ட வேகம்தான் பெரிய அதிசயம். ஒரு மாதத்துக்குள், மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் பழத்தட்டோடு எலுமிச்சம்பழமும் ஈரத்துணியும் கொண்டுபோய், பையனைப் பார்ப்பதற்கு முன்னால் கிளியின் மூக்கைத் துடைத்துப் பார்த்தார்கள். ஆம்பிளைகள் கிளியின் நெஞ்சுத் தூளையே எடுத்து மூக்கில் பூசி மறைத்தார்கள், அது போதாதபோது முகப்பவுடர் பூசினார்கள். சிலர் பெண்டாட்டியை ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் கூட்டிப்போய் அடித்துவிட்டு வந்தார்கள். ஒருவன் பஸ் ஏற்றி டவுனுக்கே கூட்டிப்போய், பஸ் ஸ்டாண்டில் வைத்து நாலு அறை அறைந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தான். அப்போதும் மறுநாள் சில மூக்குகள் சிவந்தன. எந்த வீட்டு மூக்குகள் என்று மட்டும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

பிறகு கமிட்டி வந்தது. அதற்குத் தலைவராக கஸ்பாரைப் போட்டார்கள். கஸ்பார் எஸ்கலினுக்கு அடுத்த வீடு, ஒரே சுவர். மீன்பிடித் துறையில் படகை இழுக்கிற விஞ்ச் மெஷின் ஓட்டுகிறவன், ஆறடி உயரம், குரலெடுத்தால் படகுச் சத்தத்தையும் அமுக்கிவிடுவான். அவனைப் போட்டதற்குக் காரணம், தெருவிலேயே அவன் வீட்டுக் கிளிக்குத்தான் மூக்கு ஒரு நாளும் மாறவில்லை, அவித்த கிழங்கில் தூவின சாம்பலாக அப்படியே இருந்தது. கமிட்டி முடிவு இப்படி: ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லா வீட்டுக் கூண்டும் மீன் ஏலக்கூடத்துக்கு வரவேண்டும், தலைவர் எலுமிச்சைத் துணியால் மூக்கைத் துடைத்துப் பார்ப்பார், செம்பானால் அந்த வீட்டு ஆம்பிளைக்கு ஐந்து அடி, சிவப்பானால் பதினொன்று, ஈரல் நிறமானால் இருபத்தொன்று. அடிப்பது படகு கட்டுகிற கல்தூணில் கட்டிவைத்து, திருக்கை மீனின் வாலால். காய்ந்த திருக்கை வாலில் ஒரு அடி வாங்கினவனுக்குத் தெரியும், தோல் மட்டுமில்லை, அதில் உள்ள முள் சின்னச் சின்னக் கொக்கியாகச் சதையையும் கொண்டுபோகும், பிறகு அந்தத் தழும்பு ரெட்டைத் தையல் போட்டதுபோல ஆயுசுக்கும் நிற்கும்.

முதல் ஞாயிறு மற்றவர்களுக்கு எச்சரிக்கையாகக் குரூஸை மட்டும் கட்டினார்கள். கஸ்பார் சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் குரூஸின் முதுகு ஒரு விரல் அகலம் திறந்தது, கல்தூணின் அடியில் நண்டுகள் வந்து ஈரத்தை மோந்தன, தெருவே கூடி நின்று வாய் திறக்காமல் பார்த்தது, எஸ்கலினும் பார்த்தாள், உள்ளுக்குள் கைதட்டினாள் என்றும் சொல்லவேண்டும். இனி இந்தத் தெருவில் ஒருத்தன் கை ஓங்க மாட்டான் என்றுதான் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். திங்கட்கிழமை காலை பார்த்தால் பதினேழாக இருந்த மூக்கு இருபத்தாறாகச் சிவந்திருந்தது. ஆம்பிளைகளுக்குத் திமிர் ஏறிவிட்டது, அடி போதவில்லை என்று கமிட்டி சொன்னது. அடுத்த ஞாயிறு பொழுது சாய்வதற்குள் ஒன்பது பேரைத்தான் அடிக்க முடிந்தது, மிச்சத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளினார்கள். அடுத்த திங்கள் முப்பத்து மூன்று மூக்கு. அதற்கடுத்த ஞாயிறு பதினைந்து பேர். மணல் நெய் ஊற்றினதுபோல வழுக்கியது. அடிக்க அடிக்கச் சிவந்தது, சிவக்கச் சிவக்க அடித்தார்கள். கஸ்பார் வீட்டு மூக்கு மட்டும் சாம்பலாகவே இருந்தது.

பொனிப்பாஸுக்கு முதலில் ஐந்து விழுந்தது, இரண்டு வாரம் கழித்துப் பதினொன்று. தூணுக்கு அவனே நடந்து போனான். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டு, முதுகில் தேங்காய் எண்ணெய் தடவும் எஸ்கலினிடம், நான் தூக்கத்தில் உன்னை அடிக்கிறேனா, சத்தியமாகச் சொல் என்று கேட்டான். இல்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். அவன் நம்பவில்லை. மூக்கு பொய் சொல்லுமா? அன்றிலிருந்து படுக்கும்போதெல்லாம் தோள்துண்டால் தன் இரண்டு கையையும் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாமல் பல்லால் இழுத்து அவன் கட்டுவான்.

இப்போது மத்தியானங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். கஸ்பார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவான். மூன்று வருஷத்துக்கு முன் அவன் கட்டிக்கொண்டு வந்த பெண் சலேத்மேரி, இருபது வயசு, பேசினால் காதுக்கு இதமான ஒரு மெல்லிய கீச்சுக்குரல். குழம்பில் உப்பு கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும், அல்லது சரியாக இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் தட்டு விழும். பிறகு தலை சுவரில் மோதுகிற சத்தம். பிறகு அந்தக் கீச்சுக்குரல், என்ன விட்ருங்க, என்ன விட்ருங்க என்று. சுவருக்கு இந்தப் பக்கம் எஸ்கலின் முட்டை வெள்ளையை அடித்துக்கொண்டிருப்பாள். சத்தம் வரும்போது இன்னும் வேகமாக அடிப்பாள், கரண்டி பாத்திரத்தில் கடகடவென்று மோதுகிற மாதிரி அடிப்பாள், நுரை பொங்கி விளிம்பைத் தாண்டும்வரை அடிப்பாள். மூன்று வருஷமாக அப்படித்தான். அவள் மக்ரூனுக்கு நுரை நன்றாக நிற்கிறது என்று ஊரில் பேர்.

கஸ்பாருக்கு அந்தப் பக்கத்துச் சுவர் தொபியாஸுடையது. கப்பலில் சமைக்கிற குசினிக்காரனாக இருந்துவிட்டு வந்தவன், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன், வீட்டில் அவனையும் கிளியையும் தவிர ஒரு ஈ காக்காய் கிடையாது. அவன் கிளியின் மூக்கு ஐந்தாம் ஞாயிறு ஈரல் நிறத்துக்குப் போய்விட்டது. வீட்டில் ஆளே இல்லாதவன் யாரை அடித்தான் என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்டார்கள். செத்துப்போன அவன் அம்மாவை அந்தக் காலத்தில் அடித்திருப்பான், அது இப்போது தெரிகிறது என்று கமிட்டி பதில் சொன்னது, தெரு தலையாட்டியது. இருபத்தொன்றும் விழுந்தது. பதினாறாவதில் அவன் கால் மடங்கியது, மிச்சத்தைத் தொங்கவிட்டே அடித்தார்கள்.

மறுநாள் காலை எஸ்கலின் அவனுக்குக் கஞ்சி எடுத்துப் போனாள். தொபியாஸ் பாயில் ஒருக்களித்துக் கிடந்தான், முதுகு என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கஞ்சியை ஒதுக்கிவிட்டு அவளையே பார்த்தான்.

“ஏட்டி எஸ்கலின், உன் சுவத்துல கேட்கும்லா?” என்றான்.

அவள் கஞ்சியை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினாள்.

“என் சுவத்துலயும் கேட்கும். மூணு வருஷமா ரேடியோவ சத்தமா வச்சுக்கிட்டு இருந்தேன். அவன் அந்தப் பிள்ளையக் கொல்லுதான், நான் ரேடியோ கேட்டேன். நேத்து தூண்ல கட்டும்போதும் சொல்லியிருக்கலாம். பயந்துட்டேன் பிள்ள.”

அவன் அதைச் சொல்லி முடிப்பதற்குள், தலைக்கு மேல் தொங்கிய கூண்டில் அவன் கிளியின் மூக்கு ஈரல் நிறத்திலிருந்து சிவப்புக்கும், சிவப்பிலிருந்து செம்புக்கும், செம்பிலிருந்து சாம்பலுக்கும் வெளுத்து வந்ததை எஸ்கலின் கண்ணால் பார்த்தாள். தொபியாஸும் பார்த்தான். சிரித்தான் என்றுதான் சொல்லவேண்டும். சாயங்காலம் அவன் செத்துப்போனான்.

அடிக்கிறவன் வீட்டு மூக்கு சிவக்கவில்லை. கேட்டுவிட்டு வாய் பொத்தினவர்கள் வீட்டு மூக்குதான் சிவக்கிறது. குரூஸ் பெண்டாட்டியை அடித்ததால் அவன் வீட்டு மூக்கு சிவக்கவில்லை, அவன் மச்சான் வீட்டில் அடி விழுந்ததைப் பார்த்தும் பேசாமல் திரும்பி வந்ததால் சிவந்தது. தூணில் ஒருத்தனைக் கட்டி அடிக்கும்போது தெருவே நின்று பார்த்ததே, அதனால் தெருவே சிவந்தது. கஸ்பார் ஒரு நாளும் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் இல்லை, எப்போதும் அடிக்கிறவன், அவனுக்கு எப்படிச் சிவக்கும்? வருஷக்கணக்காகச் சேர்ந்த மௌனம் காற்றடித்த அந்தப் பதினெட்டு நாளில்தான் நிறைந்து மூக்குக்கு வந்தது. இது விளங்கியபோது எஸ்கலின் நடுவாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பொனிப்பாஸிடம் சொன்னாள். சொல்லும்போதே தொரையின் மூக்கு கொஞ்சம் வெளுத்தது. அவன் கட்டிலிலிருந்து எழுந்து கூண்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். வெளியே சொல்லிவிடலாமா என்று அவள் கேட்டாள். சொன்னால் கஸ்பார் நம் இரண்டு பேரையும் உயிரோடு விடமாட்டான், என் முதுகுதானே, தாங்கும், நீ சும்மா இரு என்று அவன் சொன்னான். அவளுக்கும் அதைக் கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடவேண்டும். மறுநாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு விழுந்தது. இப்போது கஸ்பார் வீட்டில் திருக்கை வால் ஆணியில் தொங்குகிறதல்லவா, சத்தமே வேறு மாதிரி இருந்தது, காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. எஸ்கலின் முட்டையை அடிக்கவில்லை. பொனிப்பாஸ் மக்ரூன் பிழியவில்லை. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சத்தம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு மௌனம் சேர்ந்துகொண்டதால் சனிக்கிழமைக்குள் தொரையின் மூக்கு ஈரல் நிறத்துக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏலக்கூடத்துத் திண்டில் நாற்பத்தொரு கூண்டும் வரிசையாக இருந்தன, தொபியாஸின் அநாதைக் கிளிகூட இருந்தது. கஸ்பார் துடைத்துக்கொண்டே வந்தான். எலுமிச்சைச் சாறு பட்டதும் பவுடர் கரைந்து, ஒவ்வொரு மூக்காக நிறம் காட்டியது. தொரையிடம் வந்ததும் நின்று, பொனிப்பாஸ், வாடே, இருபத்தொண்ணு என்றான். பொனிப்பாஸ் தானாகவே சட்டையைக் கழற்றி மடித்து எஸ்கலினிடம் கொடுத்தான். பழைய பதினாறு காயமும் இன்னும் காயவில்லை. தொபியாஸ் பதினாறாவதில் கால் மடங்கினது அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. பொனிப்பாஸைத் தூணில் கட்டினார்கள், கஸ்பார் வாலை ஒரு தரம் காற்றில் வீசிப் பார்த்தான், அந்தச் சத்தம் கேட்டதும் எஸ்கலினுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

“எங்க வீட்ல அடி விழல. அந்த வாலு சத்தம் இவரு வீட்லருந்து வருது. மூணு வருஷமா சலேத்த அடிக்காரு. நான் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன்.”

கூட்டம் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் தொரையைப் பார்த்தது. எல்லார் கண்ணெதிரிலும் அதன் மூக்கு வெளுத்துச் சாம்பலாயிற்று. கஸ்பார் சிரித்தபடி தன் கூண்டைத் தூக்கிக் காட்டினான், இதுவும் சாம்பல்தானே, இந்த மூக்கு பொய்யா என்று கேட்டான். அதற்குள் இரண்டு பெண்கள் சலேத்மேரியைப் பிடித்து ஜாக்கெட்டின் பின்பக்கத்தைக் கொஞ்சம் விலக்கினார்கள். அவ்வளவு போதுமாயிருந்தது. ரெட்டைத் தையல் போட்ட அந்தத் தழும்பு என்னவென்று அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும், அவரவர் புருஷன் முதுகில் எண்ணெய் தடவித் தடவித் தெரிந்துகொண்டது.

எஸ்கலின் மிச்சத்தையும் சொல்லத்தான் பார்த்தாள், மூக்கு அடிக்கிறவனுக்குச் சிவக்கவில்லை, கேட்டவனுக்குச் சிவக்கிறது, நீங்களெல்லாரும் கேட்டீர்கள் என்று. யார் காதில் விழுகிறது? பொனிப்பாஸின் கட்டை அறுத்து அதே கயிற்றால் கஸ்பாரைக் கட்டினார்கள். எட்டுப் பேர் தேவைப்பட்டது. ஒருவனுக்குக் கடைவாய்ப் பல் போயிற்று, ஒருவனுக்குக் கட்டைவிரல் கஸ்பாரின் வாய்க்குள் போய்ப் பாதியாக வந்தது. திருக்கை வாலைப் பொனிப்பாஸ் கையில் கொடுத்து, முதல் அடி உன்னுடையது என்றார்கள். எஸ்கலின் அவன் வேண்டாம் என்பான் என்று நினைத்தாள். ஒன்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த பொனிப்பாஸ் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான். அவன் வாங்கி அடித்தான். ஒன்றோடு நிற்கவில்லை. ஏழு அடித்தான், ஏழாவதை முகத்தில் அடித்தான், கஸ்பாரின் ஒரு கண் அதோடு போயிற்று. பிறகு வீட்டுக்கு ஒரு அடி என்று குரூஸ் தொடங்கி வரிசையாக வந்தார்கள்.

எஸ்கலின் சலேத்மேரிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தாள். அவன் சாகட்டும் என்றுதான் அவள் மனசு சொல்லியது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சலேத்மேரி தன் வீட்டுக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு புருஷன் அடிவாங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்தாவது அடியில் அந்தக் கிளியின் மூக்கு நுனியில் சிவந்தது. ஒருவன் அதைப் பார்த்துவிட்டான். பார்த்தீர்களா, கடைசியில் கஸ்பார் வீட்டு மூக்கும் சிவந்துவிட்டது, இத்தனை நாள் என்ன மருந்து பூசி மறைத்தானோ என்று கத்த, கூட்டத்துக்கு அதுவே சாட்சியாகப் போயிற்று, இரண்டு மடங்கு பலமாக அடித்தார்கள்.

சலேத்மேரி மெதுவாகக் கேட்டாள்: “எக்கா, இது என்னத்துக்கு இப்பம் சிவக்கு?”

அந்தத் தெருவில் அதற்குப் பதில் தெரிந்தவள் எஸ்கலின் ஒருத்திதான். அவள் சொல்லவில்லை. ஒண்ணுமில்ல பிள்ள, நீ அங்க பாக்காத என்று சொல்லி, கிளியின் நெஞ்சிலிருந்து தூளை விரலில் தொட்டு அதன் மூக்கில் பூசினாள். பக்கத்தில் தொரையின் மூக்கும் மறுபடி செம்பாகிக்கொண்டு வந்தது. அதிலும் பூசினாள்.

சலேத்மேரி அந்த வெள்ளை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். முப்பதாவது அடிக்குக் கை ஓங்கியிருந்தது. அவள் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள், ஆனால் அது அந்தக் கீச்சுக்குரல்.

“விட்ருங்க.”

ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குரலை அங்கே தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை. மூன்று வருஷமாக ஒவ்வொரு மத்தியானமும் அந்தக் குரல் அந்த வார்த்தையைச் சொல்லி, சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் காதிலும், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் காதிலும், பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டினவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. கேட்காததுபோல் முகத்தைத் திருப்ப முடியாமல் அத்தனை பேரும் நின்றார்கள். அவள் மடியிலிருந்து இறங்கிய கூண்டில் கிளியின் மூக்கு பூசின தூளுக்குள்ளேயே சாம்பலாகிவிட்டது. ஆளில்லாத தொபியாஸின் கிளியைத் தவிர மற்ற முப்பத்தொன்பதும் ஈரல் நிறத்துக்குப் போயிருந்தன.

கஸ்பார் செவ்வாய்க்கிழமை மத்தியானம் செத்தான்.

அடக்கம் முடிந்து சலேத்மேரியை அவள் அண்ணன்மார் வந்து கூட்டிப்போனார்கள். கிளியை எஸ்கலினிடம் விட்டுவிட்டுப் போனாள், தொரையின் கூண்டுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். தொபியாஸின் அநாதைக் கிளி அதற்குள் கூண்டைவிட்டுப் பறந்துபோயிருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். வெளியூர்க்காரர், புதுசு, மரியாதையாகப் பேசுகிறவர். தெருவின் ஒரு முனையிலிருந்து வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். விஞ்ச் கயிறு அறுந்து அவனை அடித்துவிட்டது சார் என்று முதல் வீட்டில் சொன்னார்கள், இரண்டாம் வீட்டில் அதையே சொன்னார்கள், எல்லா வீட்டிலும் அதையே சொன்னார்கள், வார்த்தைகூட மாறவில்லை. எல்லா வாசலிலும் கூண்டுகளைப் பார்த்துவிட்டு, அழகான பறவையாக இருக்கிறதே, இந்த ஜாதிக்கே மூக்கு இப்படிச் சிவப்புதானா என்று அவர் விசாரித்தார். ஆமா சார், பிறவியிலேயே அப்படித்தான் என்று குரூஸ் சொன்னான். அன்றிலிருந்து தெருவில் அதுவே உண்மையாகிவிட்டது, பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தார்கள்.

கடைசியில் எஸ்கலின் வாசலுக்கு வந்தார். சலேத்மேரியிடம் போய்விட்டுத்தான் வருகிறேன் என்றார், அந்தப் பெண் வேறொன்றும் பேசவில்லை, பக்கத்து வீட்டு எஸ்கலின் அக்காகிட்ட கேளுங்க சார், அவியளுக்கு எல்லாம் கேட்கும் என்று மட்டும் சொன்னாள் என்றார். எஸ்கலின் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அடுப்படியில் பொனிப்பாஸ் நின்றான். கஸ்பார் செத்த நாளிலிருந்து அவன் படுக்கும்போது கையைக் கட்டிக்கொள்வதில்லை, அந்தக் கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு பார்த்தபடியே உட்கார்ந்திருப்பான். உண்மையைச் சொன்னால் முதல் அடி யார் அடித்தது என்பதையும் சொல்லவேண்டும், கண்ணில் விழுந்த ஏழாவது அடியையும் சொல்லவேண்டும். எந்த முதுகைக் காப்பாற்ற வாய் திறந்தாளோ அதே முதுகை இப்போது தன் வாயாலேயே காட்டிக்கொடுக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின இரண்டு கூண்டையும் பார்த்தார்.

“எல்லாம் சிவப்பா இருக்கு, இது ஒண்ணு மட்டும் சாம்பலா இருக்கே. இதுக்கு ஏதும் சீக்கா?”

எஸ்கலினின் விரல் தானாகக் கூண்டில் படிந்த தூளைத் தொட்டது. அப்போது அடுப்படியிலிருந்து பொனிப்பாஸ் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதை இன்ஸ்பெக்டருக்கு முன்னால் போட்டு, அதில் படிந்திருந்த வெள்ளைத் தூளைத் தோள்துண்டால் துடைத்துவிட்டு, தானும் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அவளைப் பார்த்துச் சொல்லு என்று தலையசைத்தான்.

“சீக்கில்லாதது அது ஒண்ணுதான் சார்” என்றாள் எஸ்கலின். “உக்காருங்க, சொல்லுதேன்.”

எதிர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அடுத்தது, அதற்கடுத்தது. அவள் மூன்று வருஷத்துக்கு முந்தின ஒரு மத்தியானத்தில், முதல் தட்டு விழுந்த இடத்திலிருந்து தொடங்கினாள்.